பட அட்டைகளும் பண்டமாற்றுக் கூட்டங்களும்

பிரித்தானியச் சிகரெட்டுப் பெட்டிகளில் ஒரு காலத்தில் இடப்பட்டு வந்த பட அட்டை, ஏறத்தாழ 68 மில்லிமீற்றர் நீளமும் 36 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சிறுவன் ஒருவனின் உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பொருளின் முன்புறத்தில் ஒரு படம் இருக்கும். பின்புறத்தில் ஓர் இலக்கமும் சில வரி விளக்கமும் இருக்கும். காசு கொடுத்து வாங்கப்பட்டது சிகரெட்டே. அட்டை அதனோடு இலவசமாக வந்தது. இலவசமாக வந்த அவ்வட்டையைச் சுற்றிச் சங்கங்கள் தோன்றின, அட்டவணைகள் அச்சாயின, பெரும் மண்டபங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாடுகள் நடைபெறலாயின. தந்தையும் தாயும் பிள்ளைகளும் தத்தம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு அம்மாநாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் வழக்கமும் உண்டாயிற்று. வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடத் தோன்றும் இவ்வழக்கம் எவ்வாறு உருவாயிற்று, அதில் குடும்பத்தின் பங்கு யாது, இலங்கைத் தமிழருக்கும் அதற்கும் உள்ள உறவு யாது என்பன ஆராயத்தக்கவை.

பட அட்டையின் பிறப்புக்கு முதற் காரணம் அச்சுக்கலையே. 1796ஆம் ஆண்டளவில் ஜெர்மானியராகிய அலோய்ஸ் செனபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். 1837இல் கொடெப்ருவா எங்கெல்மான் என்பார் பல வண்ணங்களைக் கல்லச்சில் பதிக்கும் முறைக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் செல்வர் மாளிகைகளில் மட்டுமே தொங்கிய வண்ணப்படம், அதன்பின் மலிவாக ஏழையின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பாரிசு நகரத்துப் போன் மார்ஷே என்னும் பெருங்கடை, தாயுடன் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு வண்ண அட்டைகளை வழங்கியது. பிள்ளை அடுத்த அட்டையை விரும்பும். தாய் மீண்டும் கடைக்கு வருவாள். லீபிக் என்னும் இறைச்சிச் சாறு நிறுவனமும் பெரும்பாலும் ஆறு அட்டைகள் கொண்ட தொடர்களாக இவற்றை வெளியிட்டது. அப்பணி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. தொடர் என்னும் எண்ணமே இங்கு முக்கியமானது. தனிப்படம் கண்ணுக்கு இன்பம் தருவதோடு நின்றுவிடும். தொடரில் ஒன்று குறைந்தாலோ அக்குறை மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கும்.

இவ்வுறுத்தலை வணிகத்துக்கு முழுமையாகப் பயன்படுத்தியோர் சிகரெட்டு உற்பத்தியாளராவர். 1880களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பொன்சாக் என்னும் அமெரிக்கர் அமைத்த இயந்திரம், கையாற் சுற்றப்பட்டு வந்த சிகரெட்டை மிக விரைவாகச் செய்து குவித்தது. குவிந்ததை விற்க வேண்டும். மெல்லிய கடதாசிப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைக்கும் வழக்கம் முன்னரே இருந்தது. வெற்று அட்டையாக இருந்த அதிற் படத்தை அச்சிட்டால் விற்பனையும் பெருகும் என்பதை வர்ஜீனியா மாநிலத்து அலன் அன்ட் ஜின்டர் போன்ற நிறுவனங்கள் கண்டுகொண்டன. பிரித்தானியாவில் ஜோன் பிளேயர் நிறுவனம் 1893இல் கோட்டைகளும் மடாலயங்களும் பற்றிய தொடரை வெளியிட்டது. வில்ஸ் முதலிய ஏனைய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. கப்பல், பறவை, கிரிக்கெட்டு வீரர், அரசர், பேரரசின் நாடுகள் எனப் பொருள்கள் பெருகின. பாடநூலைத் தவிர வேறு நூல் புகாத இல்லங்களில் இவ்வட்டைகளே சிறு கலைக்களஞ்சியமாக விளங்கின.

தொடரை ஒருவர் தனித்து நிறைவு செய்வது எத்துணைக் கடினம் என்பதைக் கணிதங்கொண்டு அறியலாம். ஒரு தொடரில் 50 அட்டைகள் உள்ளன என்றும், ஒரு பெட்டியில் ஓர் அட்டை உண்டு என்றும், எல்லா அட்டைகளும் சம அளவிற் கலந்துள்ளன என்றும் கொண்டால், முதற் பாதியாகிய 25 அட்டைகளைச் சேர்க்கச் சராசரியாக 34 பெட்டிகள் போதும். 49 அட்டைகள் சேர்ந்தபின் எஞ்சி நிற்கும் ஒரே அட்டையைப் பெறுவதற்கு மட்டும் சராசரியாக 50 பெட்டிகள் வேண்டும். தொடர் முழுவதற்கும் ஏறத்தாழ 225 பெட்டிகள் தேவை. நிறைவு பெறும் வேளையில் 175 அட்டைகள் மிகையாகக் குவிந்து கிடக்கும். ஆயின் இரு குடும்பங்கள் மிகையானவற்றைத் தமக்குள் மாற்றிக்கொண்டு இரு தொடர்களை நிறைவு செய்ய முற்பட்டால், இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 325 பெட்டிகளே தேவைப்படும். அதாவது குடும்பத்துக்கு 160 அளவே ஆகும். கூடுவோர் தொகை மிகுந்தால் இவ்வெண் மேலும் குறையும்.

வணிகன் விரித்த வலையிலிருந்து சிறாரை விடுவித்தது பண்டமாற்றே என்பது இக்கணக்கினாற் புலனாகும். ஒருவனிடம் இரட்டிப்பாக உள்ளது மற்றொருவனிடம் இல்லை, இருவரும் சந்தித்தால் இருவரும் பயன் பெறுவர், எவரும் இழப்பதில்லை. பாடசாலை முற்றத்திலும் தெருமுனையிலும் நிகழ்ந்த இச்சிறு சந்திப்புகளே பிற்கால மாநாடுகளுக்கெல்லாம் வித்து.

எனினும் சிகரெட்டு அட்டையில் ஒரு முரண்பாடு இருந்தது. அட்டையை விரும்பியது பிள்ளை. அதைக் கொணர்ந்தது தந்தையின் புகைப்பழக்கம். பிரித்தானிய நகரங்களிற் புகையிலைக் கடை வாசல்களில் நின்று, வெளியே வருவோரிடம் அட்டையை இரந்து பெறுவது சிறுவரின் வழக்கமாயிற்று. 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் வெளியான பேஸ்போல் வீரர் தொடரில் ஹோனஸ் வாக்னர் என்னும் புகழ்பெற்ற வீரரின் அட்டை விரைவில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு சாரார் கூற்று. உரிய பணம் தரப்படாமையே காரணம் என்பது மற்றொரு சாரார் கூற்று. காரணம் எதுவாயினும், நிறுத்தப்பட்டதன் விளைவாக அவ்வட்டை அரியதாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ அறுபதுக்குள் அடங்கும் என்பர்.

முதல் உலகப் போர்க்காலத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினாற் பிரித்தானிய அட்டைகள் நின்றன. 1920களில் மீண்டும் வந்தன. இரண்டாம் உலகப் போரின் போது, 1940இல், மறுபடியும் நின்றுபோயின. அட்டை வருவது நின்றாலும் சேகரிப்போர் ஓயவில்லை. அதற்குள் அவர்களுக்கென அமைப்புகள் தோன்றியிருந்தன. 1927இல் இலண்டன் சிகரெட்டு அட்டைக் கம்பனி தொடங்கப்பட்டு, அட்டைகளுக்கு விலைப்பட்டியலை வெளியிட்டது. 1938இல் அட்டை சேர்ப்போர் சங்கம் ஒன்றும் பிரித்தானியாவில் நிறுவப்பட்டது. இவை வந்தபின் சிறுவரின் பொழுதுபோக்கு முதியோரின் ஆய்வுத் துறையாகவும் மாறத் தொடங்கியது. எந்நிறுவனம், எவ்வாண்டு, எத்தொடர், எத்தனை அட்டை என்னும் வினாக்களுக்கு விடை தேடி அட்டவணைகள் எழுந்தன.

இவ்வட்டவணைப் பணியிற் சிறந்து நின்றவர் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் வாழ்ந்த ஜெபர்சன் பேர்டிக் என்பவர். மின்சாதனத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த அவர் செல்வரல்லர். மூட்டு வாதத்தால் வருந்தியவர். அமெரிக்க அட்டைகள் அனைத்தையும் வகைப்படுத்தி 1939இல் ஓர் அட்டவணையை வெளியிட்டார். அவர் வகுத்த எழுத்துக் குறியீடுகள் இன்றும் வழங்குகின்றன. மேலே கூறப்பட்ட வாக்னர் தொடர் சேகரிப்போரிடையே டி206 என வழங்குவது அவருடைய வகைப்பாட்டினாலேயே. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தம் அட்டைகளையும் பிற அச்சுத் தாள்களையும் 1947 முதல் நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிட்டன் கலைக்கூடத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். நோயால் முடங்கிய விரல்களுடன் அக்கூடத்தில் அமர்ந்து அட்டைகளைத் தொகுப்பேடுகளில் ஒட்டி வந்தார். 1963 சனவரியில் அப்பணி முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவர் காலமானார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆயினும் அவருடைய அட்டவணை இல்லாதிருந்தால், பிற்காலத்துக் குடும்பங்கள் தம்மிடம் உள்ளது யாது, இல்லாதது யாது என்று அறிந்திரா. பிரித்தானியாவில் எட்வேட் வார்ட்டன் டைகர் என்பாரும் ஏறத்தாழ இருபது இலட்சம் அட்டைகளைச் சேர்த்து, அவற்றைப் பிரித்தானிய நூதனசாலைக்கு விட்டுச் சென்றார். அவர் 1995இல் மறைந்தார்.

பட அட்டையின் வரலாறு இலங்கையைத் தொடும் இடம் தேயிலைப் பெட்டியாகும். 1869இல் மன்செஸ்டர் நகரில் ஆர்தர் புறூக் தொடங்கிய புறூக் பொண்ட் நிறுவனம், 1954 முதல் பிரித்தானியாவில் விற்ற தேயிலைப் பெட்டிகளில் அட்டைகளை இட்டது. முதல் தொடர் பிரித்தானியப் பறவைகள் பற்றியது. பின்னர் டனிக்ளிப் என்னும் புகழ்பெற்ற பறவை ஓவியரும் அந்நிறுவனத்துக்காகப் படம் வரைந்தார். ஒட்டி வைப்பதற்குரிய ஏடு மலிவான விலைக்குக் கிடைத்தது. இவ்வட்டைகள் 1999 வரை வந்துகொண்டிருந்தன. சிகரெட்டு அட்டை தந்தையின் சட்டைப் பையிலிருந்து வந்தது. தேயிலை அட்டையோ தாயின் அடுக்களையிலிருந்து வந்தது. பிள்ளை இரந்து நிற்க வேண்டிய நிலை ஒழிந்தது. மாலைத் தேநீருக்குப் பெட்டியைப் பிரிக்கும்போது வீட்டார் அனைவரும் காணும் பொதுச் சொத்தாக அட்டை மாறியது. பாட்டி ஒட்ட, பேரன் பெயர் வாசிக்க, ஏடு நிறைந்தது. குடும்பமாகச் சேகரிக்கும் வழக்கத்துக்குத் தேயிலை அட்டை தந்த ஊக்கம் பெரிது.

ஆயின் அத்தேயிலையின் மறுபக்கத்தையும் வரலாறு கூற வேண்டும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டதிலிருந்து இலங்கையில் வளர்ந்த தேயிலைத் தொழில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பினால் நிலைபெற்றது. பிரித்தானியச் சந்தைக்குத் தேயிலை வழங்கிய நாடுகளுள் இலங்கை முன்னணியில் நின்றது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரித்தானியச் சிறார் முதலாவது தேயிலை அட்டையைக் கையில் ஏந்திய அதே 1954இன் சனவரியில், அவர்களுடைய எதிர்காலம் பற்றி நேருவும் கொத்தலாவலையும் உடன்படிக்கை செய்தனர். அதனாற் சிக்கல் தீரவில்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. சின்னஞ்சிறு பறவைக்கும் பெயரும் இலக்கமும் தந்து பாராட்டிய தொடர்களின் நெடிய காலம் முழுவதும், கொழுந்து கொய்தோரிற் பலர் குடியுரிமைப் பதிவேட்டில் இடம் பெறாது வாழ்ந்தனர். அட்டையைச் சேகரிப்போர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தேயிலை கொய்யும் பெண்ணின் உருவம் அட்டைகளில் வராமலும் இல்லை. அது வந்த இடம் தபாலட்டை. 1890இல் கொழும்பில் நிறுவப்பட்ட பிளாட்டே புகைப்பட நிறுவனம், இலங்கைக் காட்சிகளைத் தபாலட்டைகளாக அச்சிட்டு உலகெங்கும் புகழ் பெற்றது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய கப்பற் பயணிகள் அவற்றை வாங்கித் தம் ஊர்களுக்கு அனுப்பினர். துறைமுகம், புறக்கோட்டை, கண்டி ஏரி ஆகியவற்றோடு, தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் படமும் அக்காலத்துத் தபாலட்டைகளில் மிகுதியாகக் காணப்படும். கோவிலுக்குப் பெயருண்டு; ஏரிக்குப் பெயருண்டு; படத்தில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் பெயரில்லை. தமிழ்ப்பெண், கொழுந்து கொய்பவள் என்பன போன்ற குறிப்புகளோடு அச்சுக் கூடம் நின்றுவிட்டது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, அணிந்துள்ள அணிகலன்கள் யாவை, பின்னணியில் உள்ள கட்டடம் எது என்பவற்றை அறிந்து கூறத்தக்கவர் அம்மக்களின் வழிவந்தோரே. இவ்வட்டைகள் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் ஏடுகளிலும் மாநாட்டு மேசைகளிலும் கிடக்கின்றன.

விலைக்குப் பெற முடியாத மற்றோர் அட்டையும் இலங்கைக்கு உரியது. அதுவே வானொலி நிலையங்கள் அனுப்பிய சான்றட்டை. 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையாகத் தொடங்கப்பட்ட கொழும்பு வானொலி, 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயருடன் வளர்ந்து, சிற்றலையிற் கடல் கடந்தும் ஒலித்தது. தொலைநாட்டு நேயர் ஒருவர் நிகழ்ச்சியைக் கேட்டால், கேட்ட நாள், நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விபரம் ஆகியவற்றை எழுதி அனுப்புவார். நிலையத்தார் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டு, உண்மையாயின் அதனை உறுதிப்படுத்தும் அட்டையைத் தபாலில் அனுப்புவர். இவ்வட்டைகளைச் சேர்ப்போர் உலகெங்கும் இருந்தனர். அவ்வட்டை ஒருவர் விழித்திருந்து செவிசாய்த்ததற்குச் சான்று. அதனைப் பிறரிடம் விலைக்கு வாங்கியவருக்கு அட்டை கிடைக்குமேயன்றி, அது கூறும் செய்தி அவரைப் பற்றியதாகாது.

இனி மாநாடுகளின் கதை. 1960களின் இறுதியில் அமெரிக்கச் சேகரிப்பாளர் சிலர் தம் இல்லங்களிலே கூடினர். வரவேற்பறையில் மேசைகளை இட்டு, மிகையான அட்டைகளைப் பரப்பி, இல்லாதவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டனர். தபால் மூலம் ஆண்டுக்கணக்கில் உறவாடியோர் முகம் காணும் இடமாக இக்கூட்டங்கள் அமைந்தன. 1970களில் இவை வாடகை மண்டபங்களுக்கு இடம் பெயர்ந்தன. 1980இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் விளையாட்டு அட்டை சேர்ப்போரின் தேசிய மாநாடு முதன்முறையாக நடைபெற்றது. அது பின்னர் ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களிற் கூடலாயிற்று. மாநாட்டின் அமைப்பு எளியது. வணிகரும் சேகரிப்போரும் கட்டணம் செலுத்தி மேசை பெறுவர். வருவோர் நுழைவுச் சீட்டுப் பெற்று மேசை மேசையாகச் செல்வர். பெட்டியைத் தொடுமுன் அனுமதி கேட்பதும், பேரம் நடந்துகொண்டிருக்கையில் மூன்றாமவர் குறுக்கிடாமையும் அங்கு எழுதப்படாத சட்டங்கள்.

குடும்பமாகச் செல்வோர் இச்சட்டங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். தந்தை பழைய தொடர்களை நாடுவார். தாய் தபாலட்டையையோ தேயிலை அட்டையையோ நாடுவாள். பிள்ளை புதியவற்றை நாடும். ஒருவர் தேடுவது மற்றவர் கண்ணிற் படும். தன்னிடம் உள்ளதன் பெறுமதியை உணர்தலும், எதிரில் நிற்பவன் சிறுவனாயினும் அவனை ஏமாற்றாமையும், வேண்டாததற்கு வேண்டாம் எனப் பணிவுடன் கூறுதலும் வகுப்பறையில் எளிதிற் புகட்டவியலாத பாடங்கள். அவற்றைப் பண்டமாற்று மேசை ஒரு நாளிற் புகட்டிவிடும்.

ஆயினும் இவ்வழக்கத்துக்குப் பெரும் இடர் பணத்தின் வடிவில் வந்தது. டொப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்போல் தொடரின் ஒரு பகுதி விலைபோகவில்லை. எஞ்சியவற்றை 1960இல் படகில் ஏற்றிச் சென்று அத்திலாந்திக் கடலிற் கொட்டியதாக அந்நிறுவனத்தின் அலுவலர் சை பேர்கர் கூறியுள்ளார். அத்தொடரைச் சேர்ந்த மிக்கி மாண்டில் அட்டையொன்று 2022 ஆகஸ்டு மாதத்தில் 126 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதே மாதத்தில் வாக்னர் அட்டையொன்றின் விலை 72.5 இலட்சம் டொலர். இவ்விலை வந்தபின் அட்டையைத் தரம் பிரித்து, ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு, பிளாத்திக்கு உறையில் அடைத்து முத்திரையிடும் நிறுவனங்கள் செழித்தன. அவற்றுள் முதன்மையானது 1991இல் தொடங்கியது. அது தரமிட்ட முதலாவது அட்டையே வாக்னர் அட்டை. அதன் ஓரத்தைத் தாம் செதுக்கியதை ஏல வணிகர் ஒருவர் 2013இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். 2021இல் அட்டை வாங்குவோரிடையே எழுந்த கைகலப்பினை அடுத்து, பெரிய அமெரிக்கக் கடைத்தொடர் ஒன்று தன் கடைகளில் அவ்விற்பனையைச் சிலகாலம் நிறுத்தி வைத்தது.

தரமிடும் முறைக்குப் பயனில்லை எனக் கூறுவதற்கில்லை. போலியிலிருந்து அது வாங்குவோரைக் காக்கின்றது. ஆயின் அம்முறையிற் பிள்ளையின் விரல் பட்ட மூலை ஒரு குறை. ஏட்டில் ஒட்டிய பசை ஒரு குறை. பின்புறத்தில் எழுதிய பெயரும் ஒரு குறை. அட்டை யாரால் விரும்பப்பட்டது என்பதற்குரிய அடையாளங்கள் யாவும் விலையைத் தாழ்த்தும் வடுக்களாகக் கணிக்கப்படுகின்றன. பேர்டிக் தம் அட்டைகளை ஏட்டில் ஒட்டியதையே இன்றைய வணிகர் சிலர் எண்ணி வருந்துவர். அவர் ஒட்டியிராவிடில் அத்தொகுப்பு சிதறிப் போயிருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பணத்தின் ஆட்சிக்கிடையே பழைய பண்டமாற்றுக்கு மீண்டும் உயிர் தந்தவை விளையாட்டுக்குரிய அட்டைகள் எனலாம். 1993இல் கணித அறிஞரான ரிச்சர்ட் கார்பீல்ட் ஆக்கிய மாய அட்டை விளையாட்டும், 1996இல் யப்பானில் வெளிவந்த போக்கிமொன் அட்டை விளையாட்டும் சேகரிப்பையும் ஆட்டத்தையும் ஒன்றாக்கின. கையில் எடுத்து ஆடாவிடின் இவ்வட்டைகளுக்குப் பொருளில்லை. 2004இல் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் போக்கிமொன் உலகப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. சிறுவர், இளையோர், முதியோர் என வயதுப் பிரிவுகள் அப்போட்டிகளில் உள்ளமையால், ஒரே வீட்டின் தாயும் மகனும் ஒரே மண்டபத்தில் வெவ்வேறு பிரிவுகளில் ஆட முடிகின்றது. பிள்ளையை அழைத்துச் சென்ற பெற்றோர் தாமும் ஆட்டம் பயின்று சேகரிப்பாளரான கதைகள் பல.

இத்தகைய கூடல்களின் காற்று தெற்காசியாவுக்கும் வீசியுள்ளது. கொழும்பில் லங்கா கொமிக் கொன் என்னும் படக்கதை விழா 2015 முதல் நடைபெற்றது; சென்னையில் அத்தகைய விழா 2024இல் முதன்முறையாக நடந்தது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சேகரிப்பு புதியதன்று. 1857 ஏப்பிரில் 1ஆம் நாள் இலங்கையின் முதலாவது தபால் முத்திரை வெளிவந்தது. முத்திரை சேர்த்தல் பல தலைமுறைகளாகப் பாடசாலைகளில் ஊக்குவிக்கப்பட்டு வந்தது. ஹைலெவல் வீதியும் களனிவெளிப் புகையிரதப் பாதையும் கால்வாயும் செல்லும் கிருலப்பனையிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து குடியேறிய இல்லங்களில் முத்திரை ஏடும் தபாலட்டைக் கட்டும் அரிய பொருள்களல்ல.

அவற்றுட் பல இன்று இல்லை. கொழும்பின் ஈரக்காற்றும் இராமபாணப் பூச்சியும் அழித்தவை சில. 1983 யூலை 24 இரவு தொடங்கிய வன்செயலில் வெள்ளவத்தை முதலிய கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் இல்லங்கள் எரியூட்டப்பட்டன. அவற்றோடு எரிந்த குடும்ப ஏடுகள் எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களை உலகம் எண்ணிச் சொல்கின்றது. அது நாடறிந்த நூலகம். வீட்டு அலுமாரியில் இருந்த ஏட்டை அவ்வீட்டார் மட்டுமே அறிவர். எஞ்சியோர் இலண்டனுக்கும் தொறன்றோவுக்கும் சென்றனர். சென்றோரின் பிள்ளைகள் அந்நகரங்களின் அட்டை மாநாடுகளில், பெயரில்லாக் கொழுந்துப் பெண்ணின் தபாலட்டையை ஏதேனும் ஒரு மேசையிற் காண நேரலாம்.

அங்ஙனம் காணும் வேளையில் அதனைக் கண்டறிந்து கூறும் அறிவு அப்பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? வீட்டில் ஏட்டைப் புரட்டி, இது எந்த ஊர், இவர் யார், இது எவ்வாறு கிடைத்தது எனக் கூறிய பெற்றோரிடமிருந்தே வரும். ஆதலின் சேகரிக்கும் குடும்பங்கள் ஆற்றத்தக்க பணி எளியதாயினும் இன்றியமையாதது. ஏட்டுக்கு ஓர் அட்டவணை எழுதுதல் வேண்டும். ஒவ்வோர் அட்டையும் எப்போது, எங்கே, யாரிடமிருந்து, எதற்கு மாற்றாகப் பெறப்பட்டது என்பதைத் தனித்தாளிற் குறித்தல் வேண்டும். அட்டையின் படத்தை எடுத்து, அக்குறிப்போடு வேறோர் இல்லத்திலும் ஒரு படியை வைத்தல் வேண்டும். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும். பேர்டிக் தனியொருவராக நின்று ஆற்றிய பணியைத் தந்தையும் தாயும் பிள்ளையும் பகிர்ந்துகொண்டு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரத்திற் செய்தல் இயலும். மாநாட்டுக்குச் செல்லும் குடும்பம், பெட்டியோடு இவ்வட்டவணையையும் எடுத்துச் செல்லுமாயின், அதன் கையில் உள்ள அட்டைகள் விற்பனைப் பொருளாக இருப்பதோடு வரலாற்றுச் சான்றாகவும் விளங்கும்.